மைக் வாங்கும் முன் அறையைக் கேளுங்கள்

வீட்டுக் கணினியில் ஒலிப்பதிவு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வெள்ளவத்தையில் ரயில் பாதைக்குக் கிட்ட, மூன்றாம் மாடியில் இருக்கிறோம். மகள் கர்நாடக சங்கீதம் படிக்கிறாள். அவள் பாடுவதை லப்டொப்பில் பதிய விரும்புகிறோம். கடையில் கண்டென்சர் மைக்தான் சிறந்தது என்கிறார்கள். வாங்கலாமா?
- வெள்ளவத்தை வாசகி

பதில்: உங்கள் வீட்டுக்குக் கண்டென்சர் வேண்டாம். கடைக்காரர் சொன்னது பொய்யல்ல. சத்தம் புகாத கலையகத்தில் கண்டென்சர் மைக் குரலின் நுணுக்கங்களை அழகாக எடுக்கும். உங்கள் வீட்டில் அதே மைக் ரயிலையும், காலி வீதி பஸ்ஸின் ஹோர்னையும், வெறும் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியையும் அதே நுணுக்கத்தோடு எடுத்துத் தரும்.

மேடைப் பாடகர்கள் கையில் பிடிக்கும் வகையான டைனமிக் மைக் வாங்குங்கள். அது வெளிச்சத்தத்தைத் தானாக வடிகட்டிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி எந்த வித்தையும் அதில் இல்லை. அதை வாய்க்கு மிகக் கிட்ட வைத்துப் பாட முடியும், பலன் அங்கேதான் கிடைக்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் இடையே 40 சென்டிமீற்றர் இருந்ததை 10 ஆகக் குறைத்தால் குரல் ஏறக்குறைய 12 டெசிபல் கூடும். ரயிலின் சத்தம் இருந்தபடியே இருக்கும். இந்த 12 டெசிபலை எந்த மென்பொருளாலும் பிற்பாடு இவ்வளவு சுத்தமாக எடுத்துத் தர முடியாது.

ஷூர் எஸ்எம்58 மைக் 1966 முதல் விற்பனையில் இருக்கிறது. நன்றாக உழைக்கும். ஆனால் போலிகள் மிக அதிகம், ஆகவே உத்தரவாதமும் பற்றுச்சீட்டும் தராத இடத்தில் வாங்காதீர்கள். பணம் இறுக்கம் என்றால் பெரிங்கர் எக்ஸ்எம்8500 போதும். இவை இரண்டுக்கும், மைக்கின் ஒலியைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஓடியோ இன்டர்பேஸ் பெட்டி ஒன்று தனியாக வேண்டும். மகள் மட்டும் பாடுவதென்றால் ஒரு மைக் வாயில் உள்ள ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போதும். மிருதங்கத்தையோ வயலினையோ சேர்த்துப் பதியும் எண்ணம் இருந்தால் இரண்டு மைக் வாயில் உள்ள பெரிங்கர் யுஎம்சி202எச்டியை எடுங்கள். பெட்டி வாங்கவே இப்போது பணமில்லை என்றால் சாம்சன் கியூ2யூ மைக்கைப் பாருங்கள். அதில் யுஎஸ்பி வாயும் உண்டு, இன்டர்பேஸில் மாட்டும் மூன்று முள் எக்ஸ்எல்ஆர் வாயும் உண்டு. இன்று நேரே லப்டொப்பில் செருகிப் பதியலாம், பின்னர் பெட்டி வாங்கும்போது அதே மைக்கை அதில் மாட்டலாம். முதல் மைக் வாங்குபவர்களுக்கு நாங்கள் பெரும்பாலும் சொல்வது இதைத்தான்.

இனி அறை. முட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்ட வேண்டாம். அவை ரயிலையும் தடுக்காது, எதிரொலியையும் உருப்படியாகக் குறைக்காது. அறையில் உடுப்பு நிறைந்த அலுமாரி இருந்தால் கதவைத் திறந்துவிட்டு, மகளை அதற்கு முதுகு காட்டி நிற்கச் செய்யுங்கள். இந்த மைக்குகள் முன்பக்கத்தைத்தான் கூர்மையாகக் கேட்கும். பாடுபவருக்குப் பின்னால் இருக்கும் பரப்பு மைக்கின் முன்பக்கத்தில் வருகிறது. ஆகவே துணியும் மெத்தையும் அங்கேதான் இருக்க வேண்டும். மைக்கின் பின்பக்கம் யன்னலைப் பார்க்கட்டும். மின்விசிறியை நிறுத்தாமல் முடியாது. கொழும்பு வெக்கையில் அது பெரும்பாடுதான், ஆகவே நான்கைந்து நிமிடத் துண்டுகளாகப் பதிந்து இடையிடையே விசிறியைப் போடுங்கள். விடியுமுன், காகங்கள் தொடங்கும் முன்னர், வீதியும் அடங்கியிருக்கும். அந்த ஒரு மணித்தியாலம் விலையுயர்ந்த மைக்கை விடப் பெறுமதியானது.

மைக்கின் ஒலி அளவைத் திருத்தும்போது மகள் மேல் ஸ்தாயியில் உரத்துப் பாடட்டும். மென்பொருளில் ஒலி அளவைக் காட்டும் மீற்றர் உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். சிவப்பைத் தொட்ட இடத்தில் குரல் கிழிந்துவிடும், அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. மைக்கை வாய்க்கு நேரே பிடிக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்து வாயை நோக்கித் திருப்புங்கள். ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று வந்து மோதும் ‘டப்’ சத்தம் அப்போது குறையும். தம்புராவை அறையில் ஒலிக்கவிட வேண்டாம். அது மூடிய வகை ஹெட்ஃபோனில் மட்டும் மகளுக்குக் கேட்கட்டும். குரல் தனியாகவும் சுருதி தனியாகவும் இருந்தால்தான் பின்னர் இரண்டின் அளவையும் விரும்பியபடி வைக்கலாம்.

கேள்வி: பிஎம்-800 என்று ஒரு கண்டென்சர் மைக், ஸ்டாண்ட், பஞ்சு எல்லாம் சேர்ந்த பெட்டியாக மலிவாகக் கிடைத்தது. லப்டொப்பின் ஹெட்ஃபோன் துளையில் செருகினால் குரல் மெல்லியதாகவும் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலோடும் வருகிறது. மைக் பழுதா?
- கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: பழுதாக இருக்காது. அது பட்டினியில் கிடக்கிறது. கண்டென்சர் மைக்குக்கு ஃபன்டம் பவர் எனப்படும், வயர் வழியாகவே போகும் 48 வோல்ற் மின்சாரம் கொடுக்க வேண்டும். லப்டொப்பின் 3.5 மில்லிமீற்றர் துளை தருவது சில வோல்ற் மட்டுமே. அந்தப் பெட்டியோடு வரும் எக்ஸ்எல்ஆர்-3.5 வயர் அந்தக் குறைந்த மின்னில் மைக்கை எப்படியோ ஓட வைக்கிறது. குரல் மெலிந்து வருவதால் நீங்கள் விண்டோஸில் மைக் பூஸ்ட்டை ஏற்றுகிறீர்கள். கூடவே லப்டொப்பின் உள் இரைச்சலும் ஏறுகிறது.

48 வோல்ற் தரும் இன்டர்பேஸ் ஒன்றில், இரு முனையிலும் எக்ஸ்எல்ஆர் உள்ள வயரால் மாட்டிப் பாருங்கள். நண்பரிடம் இருந்தால் இரவல் வாங்கிச் சோதித்துவிட்டு முடிவெடுக்கலாம். 48 வோல்ற் மட்டும் தரும் சிறு பெட்டிகளும் கடைகளில் உண்டு. அதை வாங்கினாலும் சத்தம் கடைசியில் லப்டொப்பின் அதே துளைக்குள்தான் போகிறது. அந்தக் காசை இன்டர்பேஸுக்குச் சேமியுங்கள்.

கேள்வி: ஓடசிட்டி போதுமா, காசு கொடுத்து வேறு மென்பொருள் வாங்க வேண்டுமா?
- தெகிவளை வாசகர்

பதில்: ஒரு குரலைப் பதிந்து, வெட்டி, சுத்தம் செய்து வெளியிட ஓடசிட்டி தாராளமாகப் போதும். இலவசம். பல தடங்களை அடுக்கிப் பாடல் அமைப்பதென்றால் ரீப்பர் என்ற மென்பொருளுக்கு மாறுங்கள். 60 நாட்கள் முழு வசதியோடும் சோதித்துப் பார்க்க விடுகிறார்கள். அதன் பிறகு தனிப்பட்ட பாவனைக்கான உரிமம் 60 டொலர். பழைய கணினியிலும் இலகுவாக ஓடும். மெக் வைத்திருப்பவர்களுக்குக் கராஜ்பேண்ட் இலவசமாகவே கிடைக்கிறது. திருட்டுப் பிரதிகளை இறுவட்டில் வாங்கி ஏற்றாதீர்கள். வைரஸ் ஏறி, பதிந்ததெல்லாம் போனால் திரும்பக் கிடைக்காது.

கேள்வி: ஹெட்ஃபோனில் என் குரல் எனக்கே பிந்திக் கேட்கிறது. தாளம் தப்பிப் போகிறது.
- மட்டக்குளி வாசகர்

பதில்: குரல் கணினிக்குள் போய், மென்பொருளைக் கடந்து, திரும்பி வர எடுக்கும் நேரம் அது. முதலில் இன்டர்பேஸில் டிரெக்ட் மொனிட்டர் என்ற சுவிட்ச் அல்லது குமிழ் இருக்கிறதா பாருங்கள். அதைப் போட்டால் குரல் கணினிக்குள் போகாமல் பெட்டியிலிருந்தே ஹெட்ஃபோனுக்கு வரும். அப்போது மென்பொருளுக்குள் அந்தத் தடத்தின் மொனிட்டரிங்கை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் இரண்டு குரல் கேட்கும். பாதிப் பேருடைய பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

கிட்டாரை மென்பொருள் எஃபெக்ட்டோடு கேட்டுக்கொண்டே வாசிப்பவர்களுக்கு இது உதவாது. கணினி ஒரே தடவையில் எவ்வளவு ஒலியைச் சேர்த்துக் கையாள்கிறது என்பதைச் சொல்லும் பஃபர் அளவை அவர்கள் குறைக்க வேண்டும். விண்டோஸில் இன்டர்பேஸ் நிறுவனத்தின் சொந்த ஏசியோ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருள்) நிறுவி, ரீப்பரின் ஓடியோ டிவைஸ் பக்கத்தில் அதைத் தெரிவு செய்யுங்கள். சொந்த டிரைவர் இல்லாத மலிவுப் பெட்டிகளுக்கு ஏசியோ4ஓல் என்ற இலவச டிரைவர் இருக்கிறது. 48 கிலோஹேர்ட்ஸில் 1024 சாம்பிள் பஃபர் என்றால் ஒரு வழிக்கு மட்டும் 21 மில்லிசெக்கன்ட். 128 ஆக்கினால் 2.7 தான். குறைத்ததும் ‘டிக் டிக்’ என்று வெடித்தால் கணினியால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று அர்த்தம். 256க்கு ஏற்றுங்கள், வைஃபையை நிறுத்துங்கள், யுஎஸ்பி ஹப் வழியாக மாட்டியிருந்தால் எடுத்து நேரே லப்டொப்பில் செருகுங்கள். பாடி முடித்துக் கலவை செய்யும்போது மீண்டும் 1024 வைத்துக்கொள்ளலாம். புளூடூத் ஹெட்ஃபோனை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். அதன் தாமதம் எந்த டிரைவராலும் தீராது.

கேள்வி: சார்ஜர் செருகியிருக்கும்போது பதிவில் ‘ம்ம்ம்’ என்று ஒரு உறுமல். கழற்றினால் இல்லை.
- கிருலப்பனை வாசகி

பதில்: காரணத்தில் பாதியை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதுவும் அதன் மடங்குகளான 100, 150 ஆகியவையும்தான் அந்த உறுமலில் கேட்பவை. சார்ஜரிலிருந்து கசியும் சிறு மின்னோட்டம் போக நல்ல நிலத்தொடர்பு இல்லாதபோது அது ஓடியோ வயர்களில் தலைகாட்டும். கணினி ஒரு பிளக்கிலும் ஸ்பீக்கர் வேறொரு பிளக்கிலும் இருந்தாலும் இதே உறுமல் வரலாம்.

பாடும் நேரம் மட்டும் பற்றரியில் ஓட விடுவது மிக எளிய தீர்வு. நிரந்தரமாகத் தீர்க்க, எல்லாவற்றையும் ஒரே 13 அம்பியர் சுவர்ப் பொயின்றிலிருந்து ஒரே எக்ஸ்டென்ஷனில் எடுங்கள். பழைய வீடுகளில் வட்ட முனைத் துளைகளுக்கு மாட்டும் மலிவு அடப்டர்கள் சிலவற்றில் நில முனை ஒழுங்காகத் தொடுவதில்லை. அவற்றை மாற்றுங்கள். மின்னியலாளரை அழைத்து எர்த் வயரைச் சோதிக்கச் சொல்லுங்கள். உறுமலை நிறுத்த பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிடுமாறு யாராவது சொன்னால் ஒருபோதும் செய்யாதீர்கள். உறுமல் நிற்கும், ஆனால் கருவி பழுதான நாளில் மைக்கின் உலோக உடலில் 230 வோல்ற் வரலாம். அது உதட்டுக்கு அருகே இருக்கும் பொருள்.

கேள்வி: 192 கிலோஹேர்ட்ஸ் உள்ள இன்டர்பேஸைத்தான் வாங்க வேண்டுமா?
- பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: தேவையில்லை. 48 கிலோஹேர்ட்ஸ் (ஒலியைச் செக்கன்டுக்கு 48,000 தடவை அளப்பது), 24 பிட் (ஒவ்வொரு அளவின் நுணுக்கம்) போதும். ஒரு மைக் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 மெகாபைட் பிடிக்கும். 24 பிட் இருந்தால் அளவைத் தாழ்த்திப் பயமின்றிப் பதியலாம் என்பதால் அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். யூனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ வாங்கும்போது பெட்டியை மாட்டி, மைக்கைச் செருகி, மைக்கின் ஒலியைக் கூட்டும் கெயின் குமிழை முழுதாகத் திருப்பி ஹெட்ஃபோனில் கேளுங்கள். இரைச்சலும் குமிழின் ‘கரகர’ப்பும் அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: காலமான அப்பாவின் குரல் உள்ள கசட்டுகள் ஏழெட்டு இருக்கின்றன. கணினிக்கு மாற்ற வேண்டும். எதை வாங்குவது?
- வத்தளை வாசகி

பதில்: இதற்கு மைக் வேண்டாம். ஸ்பீக்கர் முன் போனை வைத்துப் பதிவதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். பெரிங்கர் யுசிஏ222 போன்ற, சிவப்பு வெள்ளை ஆர்சிஏ துளைகள் உள்ள சிறிய லைன் இன்டர்பேஸ் போதும். மைக் பெட்டியைவிட மலிவு. கசட் டெக்கின் லைன் அவுட்டிலிருந்து அதன் இன்புட்டுக்கு வயர் போடுங்கள். ஹெட்ஃபோன் துளை மட்டும் உள்ள ரேடியோ கசட்டென்றால் சத்தக் குமிழைப் பாதிக்குக் கீழே வைத்துத் தொடங்குங்கள்.

ஒலிக்கவிடும் முன் நாடாவைப் பாருங்கள். கொழும்பின் ஈரத்தில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருக்கலாம். பூஞ்சை பிடித்த கசட்டைப் போட்டால் அது நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அப்பி, அடுத்த கசட்டுக்கும் பரவும். அதைத் தனியே எடுத்துவைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்லவற்றை ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் சுற்றித் தளர்த்துங்கள். ஐசோபுறொப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஹெட்டைத் துடைத்து, காயவிட்டுப் போடுங்கள். குரல் தளம்பி ஏறி இறங்கினால் டெக்கின் இரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். அதை மாற்றாமல் பதிவதில் பயனில்லை.

குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கிக் கேட்டால் ஹெட்டின் சாய்வு அந்த நாடாவோடு பொருந்தவில்லை. ஹெட்டின் பக்கத்தில் ஒரு சிறு திருகாணி இருக்கும். இருந்த நிலையைப் பேனையால் குறித்துக்கொண்டு, கசட் ஓடும்போதே கால் சுற்றுக்குள் மெல்லத் திருப்புங்கள். ‘ச’, ‘ஸ’ ஒலிகள் மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கசட்டுக்கும் இது வேறுபடலாம், ஏனென்றால் பதிந்த கருவிகள் வெவ்வேறாக இருந்திருக்கும். பொறுமை வேண்டிய வேலை. ஆனால் அப்பாவின் குரல் தெளிந்து வரும் அந்தக் கால் சுற்றை எந்த மென்பொருளும் ஈடுசெய்யாது.

44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ, வேவ் கோப்பு. 90 நிமிடக் கசட்டின் இரு பக்கமும் சேர்ந்து 950 மெகாபைட் அளவில் வரும். இந்த மூலக் கோப்பில் எதையும் திருத்த வேண்டாம். அதன் பிரதியில் மட்டும் ஓடசிட்டியின் நொய்ஸ் ரிடக்ஷனைப் பயன்படுத்துங்கள். பேச்சில்லாத, வெறும் இரைச்சல் உள்ள இரண்டு செக்கன்டைத் தெரிந்து, மாதிரி எடுக்கச் சொல்லி, பிறகு முழுவதற்கும் 6 முதல் 9 டெசிபல் வரை மட்டும் குறைக்கவும். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகிவிடும். மூலக் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் வைத்து, இன்னொரு பிரதியை வேறு வீட்டில் இருக்கும் சகோதரர் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். கசட்டுகளை எறிய வேண்டாம். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத பெட்டியில், ஸ்பீக்கரின் காந்தத்துக்கு எட்டாத இடத்தில் வைத்திருங்கள்.