அட்டையில் இருந்த அகதி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐரோப்பாவில் நடக்கும் ஒரு சர்வதேச இளைஞர் கருத்தரங்குக்குத் தேர்வாகியிருக்கிறேன். பத்து நாள். பருவநிலை மாற்றம், அகதிகள், ஏற்றத்தாழ்வு என்று தலைப்புகள். எனக்கு வயது 28. இளைஞர் கணக்கில் வருவேனா என்றே கூச்சமாக இருக்கிறது. ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். ‘ஓசிச் சுற்றுலா, போய்விட்டு வா’ என்கிறார்கள் நண்பர்கள். அங்கே தரும் சான்றிதழுக்கு மேற்படிப்பில் மதிப்பு உண்டா? போவதால் உண்மையிலேயே பயன் இருக்குமா?

க.

அன்புள்ள க.,

வயதை விடுங்கள். ஐ.நா.வின் புள்ளிவிவரக் கணக்கில் இளைஞர் என்றால் 15 முதல் 24. ஆனால் பாதுகாப்பு அவை 2015-இல் நிறைவேற்றிய 2250-ஆம் தீர்மானத்தில் 18 முதல் 29. உங்களுக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி இருக்கிறது. சான்றிதழா? போவதற்கு முன்பே அதன் விலையை விசாரிக்கும் ஆளை, தேர்வுக் குழுவில் நான் இருந்திருந்தால் எடுத்திருக்கவே மாட்டேன்.

பயன் உண்டா என்று கேட்டீர்களே, அதுதான் சில காலமாக என்னையும் அரித்துக்கொண்டிருக்கிறது. பல நாட்டுப் பிள்ளைகளை ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்தால் தப்பெண்ணங்கள் தானாகக் கரைந்துவிடும் என்று இதை நடத்துகிறவர்கள் நம்புகிறார்கள். கரையாது. கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954-லேயே இதற்கு நிபந்தனைகள் போட்டுவிட்டார். வருகிறவர்கள் அந்த இடத்தில் சமமாக இருக்க வேண்டும், பொது இலக்கு வேண்டும், சேர்ந்து உழைக்க வேண்டும், மேலிடத்தின் ஆதரவும் வேண்டும். பெரும்பாலான கருத்தரங்குகள் முதல் நிபந்தனையிலேயே சறுக்கிவிடுகின்றன.

நான் உதவியாளனாகப் போன ஒரு கருத்தரங்கில் ‘ஓர் அடி முன்னே’ என்ற விளையாட்டு நடந்தது. ஐரோப்பிய கவுன்சில் 2002-இல் வெளியிட்ட மனித உரிமைக் கல்விக் கையேட்டில் இருப்பதுதான். ஆளுக்கொரு அட்டை தருவார்கள். ஒருவர் வேலையில்லாத தாய், ஒருவர் அகதி, ஒருவர் வங்கி மேலாளரின் மகள். எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். ‘எனக்குப் பணக்கஷ்டம் வந்ததே இல்லை’ என்பதுபோல ஒவ்வொரு வாக்கியமாக வாசிக்க, தன் அட்டைக்குப் பொருந்தினால் ஓர் அடி முன்னே போக வேண்டும். அன்று அகதி அட்டை கிடைத்தது ஒரு தூதரக அதிகாரியின் மகனுக்கு. வரிசையிலிருந்து நகராமல் நின்று கண்கலங்கினான். நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கினான். வங்கி மேலாளரின் மகளாக அமைந்தது, குடும்பத்தோடு எல்லை தாண்டி வந்து முகாமில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு. அவள் ஒரு வாக்கியத்துக்குக்கூட யோசிக்கவில்லை. விறுவிறுவென்று நடந்து எதிர்ச் சுவரைத் தொட்டுவிட்டாள். வசதியானவர்கள் எப்படி நடப்பார்கள் என்று அந்த அறையில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் அந்தப் பையனைச் சூழ்ந்துகொண்டு ‘எப்படி உணர்ந்தாய்’ என்று கேட்டார்கள். அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.

கேட்க நேரமும் தரவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத கோபம். விளையாட்டு முடிந்தபின் உட்கார்ந்து பேசுவதற்கென்று அந்தக் கையேட்டில் தனியாக ஒரு பகுதியே உண்டு. ஆட்டமே அந்தப் பேச்சுக்காகத்தான். ஆனால் சிறப்பு விருந்தினரின் கார் வந்துவிட்டது, பேச்சை ஐந்தே நிமிடத்தில் முடித்தார்கள். ஏற்றத்தாழ்வு பற்றி அவர் முக்கால் மணி நேரம் பேசினார். எல்லா இடத்திலும் இதே கதைதான். பொன்னாடைக்கு நேரம் இருக்கும், குழுப் படத்துக்கு நேரம் இருக்கும், யாரும் படிக்கப்போகாத கடைசி நாள் பிரகடனத்துக்கு ஒரு முழு மதியம் இருக்கும். அட்டவணையில் கத்தி விழுவது எப்போதும் இப்படி உட்கார்ந்து கலந்து பேசும் நேரத்தின் மேல்தான். நீங்கள் போகும் இடத்திலும் விழும். அப்போது எழுந்து நின்று ‘இன்னும் அரைமணி நேரம் வேண்டும்’ என்று கேளுங்கள். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

ஆல்போர்ட் சொன்ன ‘சேர்ந்து உழைப்பது’ எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. பியர் செரெசோல் என்ற சுவிஸ்காரர் 1920-இல், முதல் உலகப் போரில் பிரான்ஸின் வெர்டன் போர்க்களத்தருகே நாசமான எஸ்ன் கிராமத்தைச் சீரமைக்கச் சில நாட்டுத் தொண்டர்களோடு போனார். அவர்களில் போரில் எதிரிகளாக இருந்த ஜெர்மானியர்களும் உண்டு. சொற்பொழிவு கிடையாது, மண்வெட்டிதான். ஜெர்மானியர்கள் இருப்பதற்கு எழுந்த எதிர்ப்பில் சில மாதங்களிலேயே முகாமை முடிக்க வேண்டியதாயிற்று. ஆல்போர்ட்டின் நாலாவது நிபந்தனை, மேலிடத்தின் ஆதரவு, நினைவிருக்கிறதல்லவா? ஆனாலும் இன்றைய சர்வதேசத் தொண்டர் முகாம்களுக்கெல்லாம் வித்து அங்கேதான் விழுந்தது.

உங்கள் ஆங்கிலத்துக்கு வருகிறேன். தம்பி, அதற்காகக் கூசாதீர்கள். வேகமாகப் பேசத் தெரிந்த ஏழெட்டுப் பேர் அறையைக் கையில் எடுத்துக்கொள்வதும் சமமின்மைதான். முதல் நாளே கையைத் தூக்கி ‘மெதுவாகப் பேசுங்கள்’ என்று சொல்லிவிடுங்கள். சொல்லத் தயங்கிக்கொண்டிருக்கும் பாதிப் பேர் மனதுக்குள் உங்களுக்கு நன்றி சொல்வார்கள்.

ஓசிச் சுற்றுலா என்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். போகும் நாடு ஷெங்கன் பகுதியில், அதாவது ஒரே வீசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டில், இருந்தால் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே வீசாவுக்கு விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு 15 நாள் முன்பு என்ற கடைசிக் கெடு வரை இழுக்காதீர்கள். தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு யார் பொறுப்பு என்று அழைப்புக் கடிதத்தில் தெளிவாக எழுதி வாங்குங்கள். ‘அன்புடன் வரவேற்கிறோம்’ என்று மட்டும் இருக்கும் தாளை நீட்டிவிட்டு, வீசா மறுத்துவிட்டார்கள் என்று அப்புறம் எனக்கு இன்னொரு கடிதம் எழுதக் கூடாது.