எபேசியர் நிருபம் எபேசு சபைக்குத்தான் எழுதப்பட்டதா?

புதிய ஏற்பாட்டில் பவுலின் பெயரில் உள்ள இந்தக் கடிதத்தின் தலைப்பை மட்டும் நம்பி முடிவு கட்ட முடியாது. முதல் வசனத்தில் வரும் ‘எபேசுவிலே’ என்ற சொல், மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளான பாப்பிரஸ் 46, சினாய், வத்திக்கான் மூன்றிலும் முதலில் இல்லை. 2ஆம் நூற்றாண்டில் மார்சியோன் என்ற கிறிஸ்தவப் போதகர் இதையே லவோதிக்கேயா ஊராருக்கான கடிதம் என்றார்.

அதைவிட வலுவான சாட்சி உள்ளேயே இருக்கிறது. பவுல் எபேசுவில் மூன்று வருஷம் இருந்ததாக அப்போஸ்தலர் 20:31 சொல்கிறது. அப்படிப் பழகியவர், உங்கள் விசுவாசத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன் (1:15) என்றா எழுதுவார்? ஒருவரைக்கூடப் பேர் சொல்லி விசாரிக்கவில்லை. தான் அதுவரை போகாத ரோமுக்கு எழுதியபோதோ, 16ஆம் அதிகாரத்தில் பெயர்ப் பட்டியலே போடுகிறார்! (எபேசியர் நிருபத்தைப் பவுலே எழுதினாரா என்பது தனி வழக்கு.)

வாசகர்கள் யூதரல்லாதவர்கள் என்பது 2:11இல் தெளிவு. சரி, எந்த ஊர்? எபேசு இருந்த ரோமப் பேரரசின் ஆசியா மாகாணச் (இன்றைய மேற்குத் துருக்கி) சபைகளுக்குச் சுற்றுக்கு விட்ட கடிதம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கொலோசெயர் 4:16கூடக் கடிதங்களை மாற்றி வாசிக்கத்தானே சொல்கிறது.