பார்வை போன கண் ஏன் வலிக்கிறது?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. சர்க்கரையால் இடது கண்ணில் பார்வை போய் இரண்டு வருடமாகிறது. இப்போது அந்தக் கண்ணில் உயிர் போகிற வலி, ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. கண்ணையே எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். 'தெரியாத கண் எப்படி வலிக்கும், எடுத்தால் முகம் குழி விழுந்துவிடும், அடுத்த கண்ணும் போய்விடும்' என்று அப்பா மறுக்கிறார். என்ன செய்வது?
– வாசகி, விருதுநகர்

பதில்: பார்வைக்கு ஒரு நரம்பு, வலிக்கு வேறு நரம்பு. முதலாவது செத்துப்போனாலும் இரண்டாவது உயிரோடுதான் இருக்கும். முற்றிய சர்க்கரையில் விழித்திரைக்கு ரத்தம் போதாமல், கண்ணுக்குள் வேண்டாத புது ரத்தக்குழாய்கள் முளைத்து, நீர் வடிகிற வழியை அடைத்துவிடும். உள்ளே நீர் தேங்கி அழுத்தம் ஏறும். சாதாரணமாக 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்க வேண்டிய கண் அழுத்தம் 50-ஐத் தாண்டினால் யாருக்குத்தான் தூக்கம் வரும்?

ஆனால் எடுத்த எடுப்பிலேயே ஆபரேஷன் தேவையில்லை. அழுத்தம் குறைக்கும் சொட்டுமருந்து, அட்ரோப்பின், ஸ்டீராய்டு சொட்டுமருந்து, நீர் சுரக்கும் இடத்தில் லேசர் எல்லாம் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். கண்ணுக்குப் பின்னால் ஆல்கஹால் ஊசி போடுவதும் உண்டு, அது சில மாதம் தாங்கும். இதெல்லாம் பார்த்தும் வலி நிற்கவில்லை என்றால் டாக்டர் சொல்வதுதான் சரி.

சீட்டில் எவிசரேஷன் என்று எழுதியிருந்தால், வெள்ளைக் கூட்டையும் தசைகளையும் விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் எடுப்பார்கள். எனுக்ளியேஷன் என்றால் விழி முழுதும். கண்ணுக்குள் கட்டி இருக்குமோ என்ற சந்தேகம் துளி இருந்தாலும் முழுதாகத்தான் எடுக்க வேண்டும். அதனால் ஆபரேஷனுக்கு முன் கண் ஸ்கேன் எடுத்தார்களா என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள், கூச்சப்படாதீர்கள்.

இனி குழி விஷயம். கண் எடுத்த இடத்தை அப்படியே வெறுமையாக விடுவதில்லை. 18 முதல் 22 மில்லிமீட்டரில், பெரிய கோலிக்குண்டு அளவில், அக்ரிலிக் அல்லது சிலிக்கான் உருண்டை ஒன்றை உள்ளே வைத்து மேலே தைத்து மூடிவிடுவார்கள். அது வெளியே தெரியாது, கழற்றவும் முடியாது. வெளியே தெரிகிற செயற்கைக் கண் வேறு. வீக்கம் வடிந்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்து அச்செடுத்துச் செய்வது அது. பலர் நினைப்பதுபோல அது உருண்டை இல்லை, சிப்பி மாதிரி வளைந்த ஒரு மெல்லிய சில்லு. அப்பாவை எதிரே உட்காரவைத்து, நல்ல கண்ணைப் பார்த்துப் பார்த்துக் கருவிழியை வரைவார்கள், ரத்த நரம்புக்குச் சிவப்புப் பட்டுநூல் இழைகூட ஒட்டுவார்கள்! நேரே பார்த்துப் பேசும்போது எதிராளிக்குச் சட்டென்று தெரியாது, ஓரக்கண்ணால் பார்க்கும்போது மட்டும் அசைவு கொஞ்சம் குறையும். தினமும் கழற்ற வேண்டிய அவசியம் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை பாலிஷ் போட்டால் போதும்.

அடுத்த கண் போய்விடும் என்ற பயம் அடிபட்ட கண்ணை வைத்து வந்தது. அப்படிக் கிழிந்த கண்ணால் மற்றக் கண்ணில் அழற்சி வருவது உண்டு, அதுவும் அபூர்வமாகத்தான். அப்பாவின் வலது கண்ணுக்கு எமன் ஆபரேஷன் இல்லை, அதே சர்க்கரைதான். அந்த விழித்திரையைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள்? நினைவில்லை என்றால் ஆபரேஷன் தேதி வாங்கப் போகிற அன்றே பார்த்துவிடச் சொல்லுங்கள். அந்தச் சோதனைக்காகக் கண்ணின் பாவையை விரிக்கும் சொட்டுமருந்து விட்டால் நாலைந்து மணி நேரம் பார்வை மங்கும், இருக்கிற ஒரு கண்ணும் மங்கினால் தடுமாறிவிடுவார், தனியாக அனுப்ப வேண்டாம்.