அவர்களே, அவர்களே...

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு புத்தக அறிமுகக் கூட்டம். ஐந்து நிமிடம் வாழ்த்திப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மேடை என்றாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. எதிரே இருப்பவர்களை முட்டைக்கோஸாக நினைத்துக்கொள் என்கிறான் நண்பன். படபடப்புக்கு மாத்திரை உண்டாமே, போட்டுக்கொள்ளலாமா?

செ.

அன்புள்ள செ.,

முட்டைக்கோஸை விடுங்கள். கேட்க வந்தவர்களைக் காய்கறியாகப் பார்த்தால் பேச்சும் காய்கறிக்குப் பேசியதுபோல்தான் இருக்கும். புரோப்ரனலால் என்கிற மாத்திரை படபடப்பைக் குறைக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. மருத்துவரிடம் கேளுங்கள். எழுத்தாளனிடம் கேட்கிற கேள்வியா இது?

நீங்கள் பயப்படவேண்டியது நம் மேடைகளின் விளிப்புக்கு. எழுந்து நின்ற முதல் ஓரிரு நிமிடத்தில்தான் பதற்றம் உச்சத்தில் இருக்கும். வாய் உலரும், நினைவு தடுமாறும். சரியாக அந்த நேரம் பார்த்து 15 பேரை, இனிஷியலோடு, பட்டத்தோடு, பதவி வரிசை பிசகாமல் 'அவர்களே' போட்டு அழைக்கச் சொல்கிறது வழக்கம். பழம் தின்று கொட்டை போட்ட பேச்சாளரே பொருளாளரை விட்டுவிடுவார். பேச்சின் நடுவில் அது உறைக்கும். நிறுத்தி மன்னிப்புக் கேட்பார். விட்ட இழை பிறகு கிடைக்காது. ஆளுக்கு 4 நொடி என்றாலும் ஒரு நிமிடம் போச்சு. உங்களுக்குக் கொடுத்ததே ஐந்து!

தலைவரை மட்டும் பெயர் சொல்லி அழையுங்கள். 'மேடையிலும் அவையிலும் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.' அவ்வளவுதான். கோபிப்பவர் கோபிக்கட்டும், வரவேற்புரையில் அவர் பெயர் வந்தாயிற்று.

உடனே புத்தகத்தின் ஏதாவது ஒரு பக்கத்தைச் சொல்லித் தொடங்குங்கள். அந்த முதல் மூன்று வாக்கியங்கள் மட்டும் மனப்பாடம். முழுப் பேச்சையும் உருப்போட்டால் ஒரு சொல் மறந்ததும் மொத்தமும் சரியும். மிச்சத்துக்கு நான்கு குறிப்புகள் போதும். அவற்றை ஏ4 தாளில் எழுதாதீர்கள். கை லேசாக நடுங்கினாலே தாள் படபடவென்று ஆடும், மைக்கில் சரசரக்கும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைப் பாதியாக வெட்டி, பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

மனதுக்குள் படிப்பது ஒத்திகை ஆகாது. எழுந்து நின்று, உரக்க, போனில் பதிவு செய்து மூன்று தடவை. நாலரை நிமிடம் தாண்டினால் வெட்டுங்கள். மைக்குக்கும் வாய்க்கும் நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும். வலைத்தலையைப் பொத்திப் பிடித்தால் ஊளையிடும்.

நாக்கு ஒட்டுவது கோழைத்தனம் இல்லை, செ. பதற்றத்தில் உமிழ்நீர் குறைகிறது, அவ்வளவுதான். தண்ணீர் பாட்டிலின் மூடியை உட்கார்ந்திருக்கும்போதே திறந்து இரண்டு மடக்கு குடித்துவிடுங்கள். நின்றபின் நடுங்கும் கையால் அதைத் திருக முடியாது.