பசுமை மின்சாரத்துக்குக் கூடுதல் பணம் தரலாமா?

கேள்வி: எங்கள் மின் நிறுவனம் ‘100 சதவீதம் பசுமை மின்சாரம்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறது. யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறார்கள். தர மனம் இருக்கிறது. ஆனால் அதே கம்பியில்தானே மின்சாரம் வருகிறது? பணம் எங்கே போகிறது?

பதில்: கம்பி மட்டுமல்ல, மின்சாரமும் அதேதான். காற்றாலை, சூரியப் பூங்கா, அனல்மின் நிலையம் எல்லாம் ஒரே கட்டமைப்பில்தான் வந்து கலக்கின்றன. உங்கள் மின்விசிறியைச் சுற்றவைப்பது எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நீங்கள் பணம் தருவது பெரும்பாலும் சான்றிதழுக்குத்தான். புதுப்பிக்கத்தக்க வழியில் 1,000 யூனிட் உற்பத்தியானால் ஒரு சான்றிதழ். நீங்கள் செலவழிக்கும் அளவுக்குச் சான்றிதழ்களை வாங்கி, வேறு யாருக்கும் விற்காமல் நிறுவனம் கணக்கை முடித்துவிடும். மாதம் 250 யூனிட் செலவாகும் வீட்டுக்கு ஆண்டுக்கு மூன்று சான்றிதழ் போதும்.

இதில் எச்சரிக்கை தேவை. ஐஸ்லாந்தில் ஏறக்குறைய முழு மின்சாரமும் அணைகளிலிருந்தும் புவிவெப்பத்திலிருந்தும் கிடைக்கிறது. ஐரோப்பியக் கண்டத்தோடு அதை இணைக்கும் மின்தடம் எதுவும் கிடையாது. ஆனாலும் அதன் சான்றிதழ்கள் ஐரோப்பிய நாடுகளுக்கு விற்பனையாகின. விற்றதற்கு ஈடாக, ஐஸ்லாந்தின் கணக்கில் நிலக்கரியும் அணுமின்சாரமும் ஏறின. அங்கே அணுமின் நிலையம் ஒன்றுகூட இல்லை! விதிப்படி தவறில்லை. ஆனால் என்றோ கட்டி முடித்த அணையின் சான்றிதழை வாங்கினால் புதிதாக ஒரு காற்றாலையும் எழாது. அதற்குக் கூடுதல் பணம் தர வேண்டாம் என்பேன்.

ஆகவே நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: எந்த நிலையத்து மின்சாரம், அது எந்த ஆண்டு இயங்கத் தொடங்கியது, நிலையத்தோடு நீண்டகால ஒப்பந்தம் இருக்கிறதா, நான் தரும் கூடுதல் பணத்தில் எவ்வளவு அங்கே போய்ச் சேர்கிறது? தெளிவான பதில் வந்தால், புதிய நிலையம் என்றால், தாராளமாகச் சேருங்கள். அப்புறம், எரிபொருள் விலை ஏறும்போது வசூலிக்கும் துணைக்கட்டணம் இத்திட்டத்தில் உண்டா என்றும் கேளுங்கள். சில திட்டங்களில் அது கிடையாது. அப்படியானால் விலையேற்றக் காலத்தில் உங்களுக்கு லாபம்கூட வரலாம்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் வாய்வார்த்தையாக எல்லோரும் ‘தருகிறோம்’ என்கிறார்கள். படிவத்தை நீட்டினால் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. ஏன்?

பதில்: மனமில்லாமல் அல்ல, பெரும்பாலும் சோம்பல்தான். ஜெர்மனியில் சுமார் 40,000 வீடுகளை வைத்துச் செய்த ஒரு சோதனையின் முடிவு 2015-இல் வெளியானது. பசுமை மின்சாரத்தை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றபோது சுமார் 7 சதவீதம் பேர் சேர்ந்தார்கள். முன்கூட்டியே டிக் அடித்துவைத்து, வேண்டாதவர்கள் எடுத்துவிடலாம் என்றபோது சுமார் 69 சதவீதம்.

எனக்கு அந்த முறை பிடித்திருக்கிறது, ஒரு நிபந்தனையோடு. கூடுதல் தொகை பில்லில் தனி வரியாகத் தெரிய வேண்டும், ஒரே போன் அழைப்பில் விலக முடிய வேண்டும். மின்கட்டணம் கட்டவே திணறும் வீட்டை, கேட்காமல் இதில் சேர்ப்பது நியாயமில்லை.