வீட்டு வானில் ஏசி பியூஸ் எங்கே?

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காக, கட்டிலும் சமையல் மேடையும் பொருத்திய பழைய ஜப்பான் வான் ஒன்றை வாங்கினேன். சென்ற வாரம் ஏ-9 வீதியில் ஓமந்தையைத் தாண்டும்போது முன்பக்க ஏசியில் காற்று அடியோடு நின்றுவிட்டது. மின்பிறப்பாக்கியில் இயங்கும் கூரை ஏசிக்கு எந்தக் குறையும் இல்லை. கராஜில் காஸ் அடிக்கச் சொல்கிறார்கள். நான் பியூசைப் பார்க்க விரும்புகிறேன். அது எங்கே இருக்கும்?
- வாசகர், மாங்குளம்

பதில்: காஸ் அடிப்பதைச் சற்றுத் தள்ளிவையுங்கள். காஸ் குறைந்தால் பெரும்பாலும் காற்று வரும், குளிர்தான் இராது; விசிறியே சுழலாதபோது முதலில் பார்க்க வேண்டியது அதன் பியூசைத்தான்.

கூரை ஏசி 230 வோல்ற்றில் ஓடுவது. அதன் பிரேக்கர் பெரும்பாலும் பின்பகுதியில் இருக்கைக்கு அடியிலோ அலுமாரியின் அடித்தட்டிலோ இருக்கும். அதை நீங்கள் தொட வேண்டியதில்லை. முன்பக்க ஏசி வாகனத்தின் 12 வோல்ற் பற்றரியைச் சேர்ந்தது. அதன் பியூஸ்கள் பொதுவாக டாஷ்போர்ட்டின் கீழுள்ள பெட்டியிலும், பற்றரிக்கு அருகிலுள்ள கறுப்புப் பெட்டியிலும் பிரிந்திருக்கும். மூடியின் உட்புறப் படத்தில் 'ஏ/சி' என்பதோடு 'எச்.ரி.ஆர்.' (HTR, அதாவது ஹீற்றர்) என்பதையும் தேடுங்கள். பல ஜப்பான் வாகனங்களில் விசிறிக்குரிய பியூசை அந்த எழுத்துகளால்தான் குறித்திருப்பார்கள்.

சாவியை நிறுத்திவிட்டுப் பியூசைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். உள்ளே வளைந்திருக்கும் மெல்லிய கம்பி அறுந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். பியூசின் உலோகக் கால்களையும் பாருங்கள். ஒட்டுசுட்டான் பக்கம் கிரவல் வீதிகளில் ஓடிய ஒரு வானில், கம்பி முழுதாக இருக்க, ஒரு கால் மட்டும் கருகிப் பிளாஸ்ரிக் உருகி வீங்கியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பியூசைப் பிடிக்கும் கவ்வி தளர்ந்து சூடேறியதே காரணம், ஆகவே பெட்டியின் அந்தப் பகுதியையே மாற்ற வேண்டியிருந்தது.

சிறிய தட்டைப் பியூஸ்களில் சிவப்பு 10 அம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. கழற்றியதில் எந்த எண் உள்ளதோ அதே எண்ணுடையதையே போடுங்கள். அவசரத்துக்குச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவதும் செப்புக் கம்பியை முறுக்கிச் செருகுவதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. காஸ் சிலிண்டரும் மெத்தையும் உள்ள வண்டியில், ஆட்கள் உறங்கும்போது வயர் பற்றிக்கொண்டால் என்னவாகும் என்று தயவுசெய்து எண்ணிப் பாருங்கள்.

புதிய பியூசும் உடனே எரிந்தால் மூன்றாவதைப் போடாதீர்கள். புழுதி அடைத்து விசிறி மோட்டார் இறுகியிருக்கலாம். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகளுக்கு அருகே நிறுத்திய வாகனமென்றால் எலி வயரைக் கடித்திருக்கவும் கூடும். அதற்குமேல் வாகன வயரிங் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.