சுகர் இல்லாதவர் சர்க்கரையைக் குறைக்கணுமா?

கேள்வி: சார், எனக்கு 34 வயது, ஊர் காரிமங்கலம், வேலை ஓசூரில் ஒரு கம்பெனியில், ஷிப்ட் வேலை. போன மாதம் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் வெறும் வயிற்றில் சுகர் 88. அப்பா அம்மாவுக்கும் இல்லை, எடையும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் என் மனைவி யூடியூப் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, வெள்ளைச் சர்க்கரை விஷம் என்று டப்பாவோடு தூக்கிப் போட்டுவிட்டாள். இப்போது நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மளிகைச் செலவு ஏறிக்கொண்டே போகிறது. நல்லா இருக்கிற ஆளுக்கு இதெல்லாம் தேவையா?

பதில்: டப்பாவைத் தூக்கிப் போட்டது வீண் வேலை. அதற்காக, ரிப்போர்ட்டில் 88 என்று வந்துவிட்டது, இனி இஷ்டத்துக்குச் சாப்பிடலாம் என்றும் சொல்ல மாட்டேன். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் ஒரு வரம்பு சொன்னது. நாம் சாப்பிடும் மொத்தச் சக்தியில் 10 சதவீதத்துக்கு மேல் சர்க்கரையிலிருந்து வரக்கூடாது, 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. இது நோயாளிகளுக்காகச் சொன்னது இல்லை, குழந்தைகள் உட்பட எல்லோருக்கும்தான். ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிற ஆளுக்கு 10 சதவீதம் என்றால் 200 கலோரி, சர்க்கரையில் அது 50 கிராம், டீஸ்பூன் கணக்கில் பத்து. பாதியாகக் குறைத்தால் ஐந்து ஸ்பூன். இந்தக் கணக்கில் டப்பா சர்க்கரை, வெல்லம், தேன், பழச்சாறு, கம்பெனிக்காரன் பாக்கெட்டில் போடுகிற சிரப் எல்லாம் சேரும். முழுப் பழத்திலும் பாலிலும் இயற்கையாக இருக்கிற இனிப்பு சேராது.

இப்போது ரேஷன் சர்க்கரையைப் பாருங்கள். அரிசி கார்டுக்கு ஆளுக்கு அரைக் கிலோ, அதிகபட்சம் 2 கிலோ. நாலு பேர் இருக்கிற வீட்டில் அந்த 2 கிலோவையும் மாதம் முழுக்க வைத்துத் தீர்த்தால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 17 கிராம்கூட வராது, மூன்றரை ஸ்பூன் இருந்தால் அதிகம். உங்கள் வீட்டில் தூக்கிப் போட்ட டப்பாவில் இருந்தது இவ்வளவுதான்!

மீதி எங்கிருந்து வருகிறது? ஷிப்ட் போகிற ஆள் என்கிறீர்கள், கம்பெனி பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒரு டீ, இடைவேளையில் ஒன்று, இறங்கியதும் ஒன்று என்று வைத்துக்கொள்வோம், கடை டீயில் இரண்டு ஸ்பூன் சர்வ சாதாரணம், அங்கேயே 30 கிராம். நைட் ஷிப்டில் தூக்கம் வராமலிருக்க ஒரு 250 மில்லி கோலா குடித்தால் அதில் மட்டும் 25 கிராமுக்கு மேல். வீட்டு டப்பாவைச் சேர்த்தால் எழுபதைத் தாண்டிவிட்டது, பிஸ்கட்டையும் பேக்கரி பன்னையும் நான் இன்னும் எண்ணவே இல்லை. வீட்டில் கருப்பட்டி காப்பி குடித்துவிட்டு வெளியே இப்படி ஓடிக்கொண்டிருந்தால் மளிகை பில் ஏறியதுதான் மிச்சம்.

சர்க்கரை சாப்பிட்டால் நேராகச் சுகர் வந்துவிடும் என்பது இல்லை. அளவுக்கு மேல் போகிற சக்தி இடுப்பிலும் ஈரலிலும் கொழுப்பாகச் சேருவதுதான் வழி, அந்த வேலையை அரிசிச் சோறும் மைதாவும் சேர்ந்துதான் செய்கின்றன. ஆனால் குடிக்கிற சர்க்கரைக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. சோறு தின்றால் வயிறு நிறைந்தது என்று தெரியும், கூல்டிரிங்க்ஸ் குடித்தால் அப்படித் தெரிவதில்லை, அடுத்த வேளைச் சாப்பாடு குறையாமல் அதன் மேல் ஏறி உட்காரும். அதனால்தான் இனிப்புப் பானங்களை அடிக்கடி குடிப்பவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. பல் சொத்தையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, மடக்கு மடக்காக நாள் முழுக்க உறிஞ்சினால் இன்னும் மோசம்.

88 என்பது நல்ல எண்தான். வெறும் வயிற்றில் 100-க்குள் இருந்தால் நார்மல், 126-ம் அதற்கு மேலும் போனால் சர்க்கரை நோய், நடுவில் இருப்பது எச்சரிக்கை மணி. 2023-ல் வெளிவந்த, மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் கணக்கில் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், அதற்கு மேல் 13.6 கோடிப் பேர் அந்த நடுக்கட்டத்தில். அவர்களில் பலரும் உங்களைப் போலவே நல்லா இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள். எடை சரியாக இருந்தாலும் ஒரு டேப் எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள், நம்மவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் தொப்பை கணக்கில் வரும். வருஷத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் பாருங்கள், அதற்காக லேபுக்குப் போய்ப் பணம் கொடுக்கக்கூட வேண்டாம். வீடு தேடி வந்து சுகர் பார்க்கிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகப் பார்க்கிறார்கள்.

அடுத்து வெல்லம், கருப்பட்டி. கடத்தூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிற ஊர்க்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்லித்தான் ஆகவேண்டும், வெல்லத்தில் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். 100 கிராம் சர்க்கரையில் 400 கலோரி என்றால் வெல்லத்தில் 380-க்குப் பக்கம். இரும்புச்சத்து இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நாளைக்கு 10 கிராம் வெல்லம் சாப்பிட்டால் அதிகபட்சம் அரை மில்லிகிராம் கிடைக்கும். ஒரு பெண்ணுக்கு நாளைக்குத் தேவை 29 மில்லிகிராம். இதற்கு முருங்கைக்கீரையும் கேழ்வரகுக் களியும் எவ்வளவோ மேல். ருசிக்காக வாங்குங்கள், பொங்கலுக்கும் ஒப்பட்டுக்கும் சர்க்கரை போட்டால் நன்றாகவா இருக்கும்? ஆனால் ஆரோக்கியம் என்று சொல்லி நாலு மடங்கு விலை கொடுக்காதீர்கள். இன்னொன்று, வெல்லத்தில் சர்க்கரையைக் கலந்து காய்ச்சுவதும், நிறத்துக்காக ரசாயனம் போடுவதும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அடிக்கடி பிடிக்கிற விஷயம். பளபளவென்று வெளிர் மஞ்சளாக இருப்பதை விட்டுவிட்டு, பழுப்பாக, பார்க்கச் சுமாராக இருப்பதை எடுங்கள். கருப்பட்டியிலும் கலப்படம் உண்டு, சந்தை விலையைவிட ரொம்பக் குறைவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் இருக்கிறோம், பிள்ளைகளுக்குக் கோலா வாங்கித் தருவதில்லை. மாம்பழ ஜூஸ் பாட்டில்தான் வாங்குகிறோம். அது பழம்தானே, பரவாயில்லையா?

பதில்: மாங்கூழ் ஃபேக்டரிகள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு பாட்டில் வாங்குகிறீர்களே அம்மா! உங்கள் ஊரில் பெங்களூரா மாம்பழத்தைக் கூழாக்கி டின்னில் அடைத்து அனுப்புகிறார்களே, அந்தக் கூழ் பாட்டிலுக்குள் போகிறபோது கூடவே தண்ணீரும் சர்க்கரையும் நிறையச் சேருகிறது. பின்பக்கம் பொருட்கள் பட்டியலைப் படியுங்கள். எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். பல மாம்பழ பானங்களில் முதலில் தண்ணீர் இருக்கும், கூழ் எத்தனை சதவீதம் என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள், அந்த எண்ணைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். சர்க்கரை பெரும்பாலும் 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல், அதாவது கோலாவுக்குச் சமம். 600 மில்லி பாட்டிலை இரண்டு பிள்ளைகள் பகிர்ந்து குடித்தால் ஆளுக்கு 30 கிராம்.

விலை விஷயத்தில் ஒரு வேடிக்கை. 2025 செப்டம்பர் 22 முதல் கோலா வகைகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், காஸ் இல்லாத பழக்கூழ் பானங்களுக்கு 12-லிருந்து 5 ஆகக் குறைத்துவிட்டார்கள். வரி குறைவு என்பதால் உள்ளே இருக்கிற சர்க்கரை குறைந்துவிடாது. ‘100 சதவீதம் பழச்சாறு’ என்று அடர்சாற்றில் தண்ணீர் கலந்த பானங்களுக்குப் போட்டுக்கொண்டிருந்ததையும் எடுக்கச் சொல்லி உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் உத்தரவு போட்டது. அதனால் முன்பக்க எழுத்தை நம்பி வாங்காதீர்கள்.

சீசனில் பழத்தை நறுக்கிக் கொடுங்கள். அதிலும் இனிப்பு இருக்கிறது, ஆனால் நார்ச்சத்தோடு மென்று தின்கிறார்கள், ஒரு பழத்துக்கு மேல் இறங்காது. ஜூஸ் கடையில் குடித்தால் ‘சர்க்கரை போடாதீங்க’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மிக்ஸி ஓட ஆரம்பித்த பிறகு சொல்லிப் பயனில்லை.

கேள்வி: ‘ஹெல்த் டிரிங்க்’, ராகி பிஸ்கட், ‘நோ ஆடட் சுகர்’ என்று போட்டதை மட்டும்தான் வாங்குகிறேன். இது சரியான வழிதானா? (ஒரு வாசகி, பாலக்கோடு)

பதில்: ஹெல்த் டிரிங்க் என்ற ஒரு வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடையாது. 2024 ஏப்ரலில் மத்திய அரசே ஆன்லைன் கடைகளுக்கு, பாலில் கலக்குகிற பவுடர் பானங்களை அந்தத் தலைப்பின் கீழ் விற்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. சாக்லேட் ருசி மால்ட் பவுடர்களில் பலவற்றில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாகச் சர்க்கரைதான். பாலில் இரண்டு ஸ்பூன் பவுடர் போட்டு, ‘இனிப்பு பத்தலை’ என்று மேலே ஒரு ஸ்பூன் சர்க்கரையும் போடுகிற வீடுகள் எனக்குத் தெரியும்.

ராகி பிஸ்கட்டைத் திருப்பிப் பாருங்கள். முதலில் கோதுமை மாவோ மைதாவோ, அப்புறம் சர்க்கரை, எண்ணெய், அதற்குப் பிறகு கேழ்வரகு என்று இருந்தால், அது கேழ்வரகு பேரைச் சொல்லி விற்கிற சாதா பிஸ்கட். தர்மபுரியில் 2023 முதல் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகே கொடுக்கிறார்கள், அதில் கூழோ களியோ அடையோ செய்தால் கிடைப்பது அந்த பிஸ்கட்டில் கிடைக்காது.

‘நோ ஆடட் சுகர்’ என்றால் சர்க்கரை சேர்க்கவில்லை என்று மட்டும்தான் பொருள், உள்ளே இருக்கிற பேரீச்சையிலும் பழத்திலும் இனிப்பு இருக்கலாம். ‘சுகர் ஃப்ரீ’ என்று போட வேண்டுமானால் 100 கிராமுக்கு அரை கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. ‘லோ சுகர்’ என்றால் 100 கிராமுக்கு 5 கிராம், பானமாக இருந்தால் 100 மில்லிக்கு இரண்டரை கிராம் வரை. ஆனால் சுகர் ஃப்ரீ பிஸ்கட்டிலும் மாவு இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, கலோரி குறைந்துவிடாது. பட்டியலில் குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் என்று வந்தால் எல்லாம் சர்க்கரை குடும்பம்தான். மால்டோடெக்ஸ்ட்ரின் சர்க்கரைக் கணக்கில் வராது, ஆனால் உடம்புக்குள் போனதும் குளுக்கோஸாகத்தான் ஆகும்.

கடையில் நின்று எல்லாவற்றையும் படிக்க யாருக்கு நேரம் இருக்கிறது? சத்து விவர அட்டவணையில் ‘ஆடட் சுகர்ஸ்’ என்ற ஒரே வரியை 100 கிராம் கட்டத்தில் பாருங்கள். ‘பெர் சர்வ்’ கட்டத்தைப் பார்க்காதீர்கள், அதில் இரண்டு பிஸ்கட், மூன்று பிஸ்கட் என்று அவர்களே ஒரு அளவு வைத்து எண்ணைச் சின்னதாகக் காட்டுவார்கள். இரண்டு பிஸ்கட்டோடு நிறுத்துகிற ஆளை நான் பார்த்ததில்லை. ஒரு நாள் அளவில் இது எத்தனை சதவீதம் என்று அட்டவணையில் பக்கத்தில் போடுகிற கணக்குக்கும் நாளைக்கு 50 கிராம்தான் அடிப்படை.

கேள்வி: டீயில் சர்க்கரைக்குப் பதிலாகச் சுகர் ஃப்ரீ மாத்திரை போடலாமா? எனக்குச் சுகர் இல்லை, எடை குறைக்கத்தான்.

பதில்: எடை குறைப்பதற்காக இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் பரிந்துரை கொடுத்துவிட்டது, நீண்ட காலத்தில் பலன் தெரியவில்லை என்பதுதான் காரணம். ஏற்கெனவே சுகர் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது, அவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும். உங்களுக்குச் செலவில்லாத வழி, கடையில் ‘அரைச் சர்க்கரை’ என்று சொல்வது. கொஞ்ச நாளில் நாக்கு பழகிவிடும், அப்புறம் பழைய டீயைக் குடித்தால் பாயசம் மாதிரி இருக்கும். நேராக ‘வித்தவுட்’டுக்குத் தாவினால் மூன்றாம் நாளே விட்டுவிடுவீர்கள்.

கேள்வி: சர்க்கரை சேர்க்கவில்லை என்று முன்னால் போட்டு, பின்னால் பட்டியலில் சர்க்கரை என்றே எழுதியிருக்கிற ஒரு சத்துமாவு பாக்கெட் வாங்கிவிட்டேன். கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். முன்பக்கம், பின்பக்கம், பேட்ச் எண், உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் எண் எல்லாம் தெரிகிற மாதிரிப் போட்டோ எடுங்கள், பில்லையும் சேர்த்து. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதில் புகார் பதியலாம், தமிழிலும் பேசலாம். ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ என்ற ஆப்பிலும் போடலாம், அல்லது கலெக்டர் ஆபீசில் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலர் யார் என்று கேட்டு நேரில் மனு கொடுக்கலாம். கடைக்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை, அவர் அச்சடித்தது இல்லையே. பில் வாங்கவில்லை என்றால் இன்றைக்கே போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், நாளாக ஆக அவருக்கும் ஞாபகம் இருக்காது.